யாருக்காக ஒளி அளப்பது? வீட்டு வாசலில் பனியைப் படமெடுப்பது பற்றிச் சில குறிப்புகள்

1

1989 தை மாதம். ஸ்காபரோவில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்த அப்பாட்மென்ற் கட்டடத்தின் முன்னால், இரவல் வாங்கிய கோட்டுடன் நான் நிற்கிறேன். முதல்நாள் இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. கூட இருந்த நண்பர் ஒருவர் தன்னுடைய சின்ன ஓட்டோமற்றிக் கமெராவால் படம் எடுத்தார். அந்தக் காலத்தில் இங்கு வந்து சேர்ந்த அநேகமாக எல்லோரிடமும் இப்படி ஒரு படம் இருக்கும். வந்த முதல் குளிர்காலத்தில், பனிக்கு முன்னால் நின்று, ஊருக்கு அனுப்புவதற்கென்றே எடுத்த படம். உயிரோடு இருக்கிறேன், குளிருக்குக் கோட் இருக்கிறது, நின்று படமெடுக்க ஓர் இடம் இருக்கிறது என்ற மூன்று செய்திகளும் அதில் அடக்கம். கோட் யாருடையது என்பது படத்தில் தெரியாது.

ஒன்றரை மாதம் கழித்து அம்மாவின் பதில் வந்தது. "தம்பி, படம் கிடைச்சுது. பின்னால சாம்பல் கொட்டினமாதிரிக் கிடக்குது, அதுதானோ ஸ்னோ எண்டுறது? உன்ர முகம்தான் தெரியேல்லை. சுகமா இருக்கிறியோ?"

அப்போது இதை வாசித்துச் சிரித்தோம். கமெரா மலிவு, படம் கழுவிய கடை சரியில்லை, நண்பருக்குப் படமெடுக்கத் தெரியாது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பிறகு இரவு வேலைக்கு நடுவே படப்பிடிப்பைக் கொஞ்சம் படிக்கத் தொடங்கியபோதுதான் அம்மாவின் கடிதத்தில் இருந்த இரண்டு குறைகளும் உண்மையில் ஒரே குறை என்பது விளங்கியது. பனி சாம்பலானதும் என் முகம் காணாமல் போனதும் ஒரே கணக்கின் விளைவு. அந்தக் கணக்கை விளக்குவதுதான் இக்கட்டுரையின் நோக்கம். தொழில்நுட்பத்தைத் தொழில்நுட்பக்காரரிடமும் அரசியலை அரசியல்காரரிடமும் விட்டுவிட்டு நாம் கவிதை எழுதப் போய்விடுகிறோம் என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. ஆகவே கைநூலில் வரவேண்டிய சில விஷயங்களையும் இங்கே எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

2

கமெராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குப் பொருள்கள் தெரியாது. முன்னால் இருப்பது பனியா, கரியா, முகமா என்று அது அறியாது. தன்மேல் வந்து விழும் வெளிச்சத்தை மட்டும் அளக்கும். அளந்து என்ன செய்வது என்பதற்கு அதனிடம் ஒரு எடுகோள் உண்டு. உலகத்தைச் சராசரியாக எடுத்தால் அது நடுச் சாம்பல் நிறம், அதாவது தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 வீதத்தைத் திருப்பி அனுப்பும் நிறம் என்பதே அந்த எடுகோள். கொடாக் நிறுவனம் படக்காரர்களுக்கு விற்ற சாம்பல் அட்டை இந்த 18 வீதம்தான். புல், செங்கல், தார் றோட்டு, மரம், சட்டை எல்லாம் கலந்து கிடக்கும் காட்சிக்கு இது பெரும்பாலும் சரிவரும்.

புதிதாக விழுந்த பனி ஒளியில் 80 முதல் 90 வீதம் வரை திருப்பி அனுப்புகிறது. சட்டகம் முழுக்கப் பனியாக இருந்தால் மானி 'வெளிச்சம் கூடிப்போச்சு' என்று முடிவுகட்டி, வெளிச்சத்தைக் குறைத்து, பனியைத் தனக்குத் தெரிந்த சாம்பலுக்கு இறக்கிவிடுகிறது. எவ்வளவு இறக்குகிறது? கமெராக்காரர் 'ஸ்ரொப்' என்று சொல்லும் ஒரு படி வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கும், அல்லது பாதியாக்கும். 18 இரட்டித்தால் 36, இன்னொருமுறை இரட்டித்தால் 72. ஆக, பனிக்கும் மானியின் சராசரிக்கும் நடுவில் இரண்டு படிக்குச் சற்று அதிகமான தூரம். மானி சொல்வதற்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு படி வெளிச்சம் கூட்டிக் கொடுத்தால் பனி மீண்டும் வெள்ளையாகும். இது பனிக்காட்சி எடுப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம்.

பாலபாடத்தில் இல்லாதது முகம். பனி இரண்டு படி இறங்கும்போது அது தனியே இறங்குவதில்லை. காட்சியில் உள்ள எல்லாவற்றையும் கூட இழுத்துக்கொண்டு இறங்குகிறது. வெள்ளைத் தோல் நடுச் சாம்பலுக்கு ஒரு படி மேலே இருப்பது. இரண்டு படி இறங்கினால் கறுத்துத் தெரியும், ஆனாலும் தெரியும். என்னுடைய தோல் நடுச் சாம்பலில், அல்லது அதற்கும் கீழே இருப்பது. அது இறங்கினால் கண், மூக்கு, மீசை எல்லாம் ஒரே இருட்டாகிவிடும்.

அன்சல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940 அளவில் வகுத்த மண்டல முறையை இங்கே நினைவுகொள்ளலாம். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10 என்று ஓர் ஏணி. அடம்ஸின் 'த நெகட்டிவ்' நூலில் எந்தப் படியில் எது நிற்கும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. நடுச் சாம்பலும் கருந்தோலும் 5. சராசரி வெள்ளைத் தோல் 6. வெயில் நேரம் பனியின்மேல் விழும் நிழலும் அதே 6. மணல்மணலாக நயம் தெரியும் பனி 8. பட்டியலை ஒருமுறை திரும்ப வாசித்துப் பாருங்கள். பனிக்காட்சிக்குள் வெள்ளை முகத்துக்குப் பக்கத்தில் துணைக்கு ஒரு பொருள், பனிநிழல், ஏற்கெனவே நிற்கிறது. கருமுகத்துக்கும் பனிக்கும் நடுவில் மூன்று படி தூரம். அடம்ஸைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. அவராவது கருந்தோலுக்குப் பட்டியலில் ஓர் இடம் கொடுத்தார்.

படம் கழுவிய கடைகளில் அந்த இடமும் இருக்கவில்லை. 1950கள் தொடக்கம் கொடாக் நிறுவனம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைப் பெண். அவளுடைய தோல் சரியான நிறத்தில் அச்சில் விழுந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். முதல் அட்டையில் இருந்தவரின் பெயரால் எல்லா அட்டைகளுக்கும் 'ஷேர்லி கார்ட்' என்ற பெயர் நிலைத்தது. மொன்றியலில் உள்ள கொன்கோடியா பல்கலைக்கழகத்தின் லோர்ணா ரொத் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வரலாறு விரிவாக உண்டு. பழுப்பு நிறங்களை பிலிம் சரியாக வாங்கவேண்டும் என்ற கவலை நிறுவனத்துக்குள் வந்ததற்கு மரத் தளபாடக்காரரும் சொக்லேற் கம்பனிக்காரரும் செய்த முறைப்பாடுகள் முக்கிய காரணம் என்று கொடாக்கில் வேலை செய்தவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கறுப்புச் சொக்லேற்றுக்கும் பால் சொக்லேற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். சொக்லேற்றுக்குக் கிடைத்த நீதியின் மீதியில்தான் எங்கள் கலியாண அல்பங்கள் தெளிந்தன.

கருமுகம் துல்லியமாகத் தெரியவேண்டும் என்று அதிகாரத்துக்கு அக்கறை வருகிற இடம் ஒன்று உண்டு. அது அடையாள அட்டை. தென்னாபிரிக்காவில் கறுப்பின மக்கள் கட்டாயம் வைத்திருக்கவேண்டிய பாஸ் புத்தகப் படங்களுக்குப் பொலறோய்ட் கமெரா பயன்படுவதை, அந்த நிறுவனத்திலேயே வேலை செய்த கரோலைன் ஹன்ரரும் கென் வில்லியம்ஸும் 1970இல் கண்டுபிடித்து எதிர்ப்பியக்கம் தொடங்கினார்கள். 1977இல் நிறுவனம் தென்னாபிரிக்காவிலிருந்து வெளியேறியது. தடைமுகாமில் அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

3

சரி, பனியும் வெள்ளையாக இருக்கவேண்டும், ஆளும் தெரியவேண்டும். என்ன செய்வது?

எனக்குக் கிடைத்த வழிகளில் மிக எளியது உள்ளங்கை. எங்கள் புறங்கை எந்த நிறமானாலும் உள்ளங்கை வெளிறியது. பெரும்பாலானோரின் உள்ளங்கை நடுச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு படி வெளிச்சமானது. கையுறையைக் கழற்றி, படம் எடுக்கப்போகிற அதே வெளிச்சத்தில் உள்ளங்கையைப் பிடித்து, அதை மட்டும் மானியால் அளந்து, ஒரு படி கூட்டிக் கமெராவைக் கையால் நிறுத்திவிட்டால் போதும். சுற்றிவர எவ்வளவு பனி கிடந்தாலும் மானி ஏமாறாது. கை விறைத்துப்போவதற்குள் அளந்துவிடவேண்டும். மானியின் சராசரியை நம்பாமல் நம்முடைய கையையே அளவுகோலாக வைப்பது என்பது எனக்கு ஒரு உருவகமாகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டாவது வழி ஆளைத் திருப்பி நிறுத்துவது. இதில் எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. வெண்பனி கருந்தோலுக்கு எதிரி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். மார்கழி 21 அளவில் ரொறன்ரோவில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. யாழ்ப்பாணத்தில் அதே நாளில் 57 பாகை. ஊரில் உச்சிவெயிலில் எடுத்த படங்களில் கண்குழிகளும் மூக்கின் கீழும் கரிபூசினமாதிரி இருப்பது அதனால்தான். வெளிச்சம் தலையில் விழுகிறது, முகத்தில் விழுவதில்லை. இங்கே குளிர்கால வெயில் நேரே முகத்துக்கு வருகிறது. கீழே கிடக்கும் பனி அதே வெளிச்சத்தை வாங்கி நாடிக்கும் புருவத்துக்கும் கீழிருந்து அனுப்புகிறது. கலியாணப் படக்காரர் வெள்ளித்தாள் ஒட்டிய தட்டியைப் பிடித்துச் செய்கிற வேலையைப் பனி ஊர் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. கருமுகத்தை எடுக்க இதைவிட நல்ல வெளிச்சம் நான் கண்டதில்லை. குறை வெளிச்சத்தில் இருக்கவில்லை, கணக்கில் இருந்தது.

பிலிமில் கொஞ்சம் வெளிச்சம் கூடினாலும் நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும். டிஜிற்றல் கமெராவில் பனி ஒருமுறை வெளிறி எரிந்துவிட்டால் அதை மீட்கமுடியாது. முகத்துக்கு அளந்தபின், பனியில் நயம் மிஞ்சியிருக்கிறதா என்று திரையில் பார்த்து, தேவையானால் அரைப் படி விட்டுக்கொடுக்கவேண்டும். விட்டுக்கொடுப்பது எதை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்றைய கைபேசிகள் பல படங்களை ஒரே நொடியில் எடுத்து ஒன்றாக்கி இந்தக் கணக்கைத் தாமே போட்டுவிடுகின்றன. 2021இல் கூகிள் நிறுவனம் தன்னுடைய கைபேசிக் கமெரா கருந்தோலைச் சரியாகக் காட்டும் என்பதையே ஒரு விற்பனைக் குணமாக அறிவித்தது. மாற்றம் நல்லதுதான். ஆனால் சராசரியை நிர்ணயிக்கும் உரிமை அட்டையிலிருந்து மென்பொருளுக்குப் போயிருக்கிறதே தவிர எங்கள் கைக்கு வரவில்லை.

வெண்மையைக் காட்டக் கறுப்பு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வானம் மூடியிருக்கும் நாளில் வானமும் பனியும் ஒன்றாகி, எல்லையே இல்லாத வெறுந்தாள் ஆகிவிடும். நனைந்த மரத்தண்டோ, கரண்ட் கம்பமோ, நடந்துபோகும் ஒரு ஆளோ வந்தால்தான் அது பனியாகிறது. வேர்மொன்ற் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரில் வில்சன் பென்ற்லி என்ற விவசாயி 1885இல் முதன்முதலாக ஒரு பனிப்படிகத்தை நுண்நோக்கி வழியாகப் படமெடுத்தார். 1931இல் இறக்கும்வரை 5000க்கு மேல் எடுத்தார். கறுப்பு வானில் மிதக்கும் வெள்ளி நட்சத்திரங்கள்போல் அவை இருக்கும். அந்தக் கறுப்பு இயற்கையானது அல்ல. நெகட்டிவின் பிரதியில் படிகத்தைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் மணிக்கணக்காகச் சுரண்டி எடுத்து அவர் உண்டாக்கிய கறுப்பு அது. பனியின் தூய வெண்மை என்று நாம் ரசிப்பதற்குப் பின்னால் இப்படி ஒருவர் குனிந்திருந்து கறுப்பை உண்டாக்கியிருக்கிறார்.

4

பனியைப் படமெடுக்க மலைக்கும் காட்டுக்கும் போகவேண்டும் என்று நினைக்கிறோம். எனக்குக் காரும் நேரமும் இல்லாததால் வீட்டு வாசலோடு நின்றுவிட்டேன். இன்று அதை ஒரு கொள்கையாகவே சொல்வேன். வீட்டைச் சுற்றி அரை மைல். அதற்குள்ளே எல்லாம் இருக்கிறது.

நேரம் முக்கியம். பனி நின்றதிலிருந்து உழவு வண்டி வரும்வரை ஒரு மணித்தியாலம், சிலவேளை இரண்டு. அதற்குள் போகவேண்டும். பற்றரி குளிரில் சீக்கிரம் செத்துவிடும், ஒன்றை உள்சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருக்கவேண்டும். திரும்பி வீட்டுக்குள் நுழையுமுன் கமெராவை ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டிவிடவேண்டும். இல்லாவிட்டால் குசினியில் கறி கொதிக்கிற ஈரம் முழுக்கக் குளிர்ந்த லென்ஸில் போய்ப் படியும். விடிகாலை நிழல்கள் நீலமாக விழுவதைக் கண்டு பயப்படவேண்டாம். நிழலுக்குச் சூரியன் வெளிச்சம் கொடுப்பதில்லை, நீல வானம்தான் கொடுக்கிறது. கண் அதைப் பழக்கத்தால் வெள்ளை என்று திருத்திக்கொள்ளும், கமெரா திருத்தாது.

பனி விழுந்த காலை எங்கள் தெருவை ஒரு ஏடாக்கிவிடுகிறது. யார் முதலில் எழும்பினார்கள் என்பது அதில் எழுதியிருக்கும். சரிந்த வெயிலில் எடுத்தால் ஒவ்வொரு சுவடும் குழிவிழுந்து எழுத்துப்போலத் தெரியும். நான் எழும்பிப் போகும் எந்த நாளிலும் எனக்கு முன்னால் ஒரு தடம் இருந்தது. ஒரு சோடி சப்பாத்து, இரண்டு சிறுசில்லு. எங்கள் கட்டடத்தில் இருந்த ஒரு அக்கா காலை நாலு மணிக்குப் பேப்பர் போடப் போகிற தடம் அது. ஒருநாள் விளக்குக் கம்பத்தின் கீழ் வண்டிலோடு அவவைக் கண்டேன். பின்னால் பனி, பக்கவாட்டில் மஞ்சள் வெளிச்சம், முகம் தெளிவாகத் தெரிந்தது. கமெராவைத் தூக்கினேன்.

"வேண்டாம் தம்பி, எடுக்காதை. ஊரில இருக்கிறவை நான் ஒஃபிஸில வேலை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். இந்தக் கோலத்தில ஒரு படம் அங்க போச்செண்டா அவ்வளவுதான்."

படம் எங்கும் போகாது என்று சொன்னேன். "படம் எண்டா எப்படியும் போகும்" என்றா அவ. அதற்குப் பதில் என்னிடம் இருக்கவில்லை.

அன்றைக்கு அவ போனபிறகு தடத்தை மட்டும் எடுத்தேன். வெறும் பனி, இரண்டு சில்லுக் கோடு, நடுவில் சப்பாத்து அடையாளம். விளிம்பில் இருப்பவர்களைச் சட்டகத்தின் நடுவே கொண்டுவரவேண்டும் என்று நாங்கள் எல்லோரும் எழுதுகிறோம். அந்த அக்காவுக்குச் சட்டகத்துக்கு வெளியே நிற்பதுதான் பாதுகாப்பு. தெரியாமல் போவதும் தெரியாமல் இருக்க விரும்புவதும் வேறு வேறு. முன்னது கமெரா செய்யும் அநியாயம், பின்னது மனிதர் கேட்கும் உரிமை. படத்தில் இரண்டும் ஒரேமாதிரி இருக்கும் என்பதுதான் பிரச்சினை. எடுத்தவனுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். அதனால் எடுத்தவன் எழுதவும் வேண்டும்.

தடத்துக்குப் பிறகு உழவு வண்டி வரும், அதன்பின் உப்பு வரும். ஒன்ராறியோவில் ஹூரோன் ஏரியின் அடியில் 500 மீற்றருக்கும் கீழே உள்ள கொடரிச் சுரங்கம் உலகிலேயே மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் எனப்படுவது. இந்த மாகாணத்தின் றோட்டுகளில் கொட்டுகிற உப்புக்கு அது ஒரு முக்கியமான ஊற்று. எனக்கு உப்பு என்றால் ஆனையிறவு. பஸ் யன்னலால் நான் பார்த்த முதல் வெண்ணிலம் உப்பளம். பனியைக் கண்டபோது அம்மாவுக்கு எழுதவேண்டியிருந்த உவமை அதுதான். அப்போது தோன்றவில்லை. உப்புக் குவியலைப் பார்த்து யாரும் 'எவ்வளவு தூய்மை' என்று சொல்லமாட்டார்கள். அதில் வெறுங்காலோடு நின்று வாரியவர்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

1999 தையில் ஒரு வருடத்துக்குக் கொட்டவேண்டிய பனியில் பெரும்பகுதி இரண்டு கிழமைக்குள் ரொறன்ரோவில் கொட்டியது. மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை உதவிக்குக் கூப்பிட்டார். மற்ற நகரத்தவர்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் சிரிப்பு வரவில்லை. "ஆமி வருதாம்" என்று ஒரு வயதானவர் யன்னல் சீலையை இழுத்து மூடினார். மண்வெட்டியோடு வந்த ஆமியை அவர் அதுவரை கண்டதில்லை.

5

ஆளில்லாத பனிவெளியை நிலக்காட்சி என்று ரசிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? கனடாவில் இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1920இல் உருவான 'எழுவர் குழு' ஓவியர்கள் வடக்கின் ஏரி, பாறை, பைன் மரம், பனி ஆகியவற்றால் இந்த நாட்டுக்கு ஒரு முகத்தைக் கட்டமைத்தார்கள். அந்த ஓவியங்களில் மனிதர் அருமை. அந்நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த முதற்குடிகள் அநேகமாக இல்லவே இல்லை. வெறுமையாகக் காட்டப்பட்ட நிலம் உரிமையாளர் இல்லாத நிலமாக வாசிக்கப்படுவது எளிது. நான் நின்று படமெடுக்கிற ரொறன்ரோ மண்ணே 1787இல் மிஸிஸாகா மக்களிடமிருந்து 'வாங்கியதாக'ச் சொல்லப்பட்டது. அந்தக் கொள்முதலின் பிணக்கு 2010இல் 145 மில்லியன் டொலர் இழப்பீட்டோடுதான் தீர்ந்தது. அகதியாக வந்த நானும் அந்த வெறுமையின் பயனாளி என்பதைச் சொல்லாமல் விடமுடியாது.

எழுவர் குழுவின் லோரன் ஹாரிஸ் தொடக்கத்தில் தூரம் போனவர் அல்ல. 1910களில் ரொறன்ரோவின் நடுவே வந்தேறிகள் நெருங்கி வாழ்ந்த 'வார்ட்' என்ற ஏழைப் பகுதியின் வீடுகளைப் பனியோடு சேர்த்து வரைந்தார். அடுத்த அடுத்த ஆண்டுகளில் வடக்கே நகர்ந்து, 1930இல் ஆர்க்டிக்குக்கே போனார். அங்கிருந்து கொண்டுவந்தவை மனிதச் சுவடே இல்லாத பனிமலைகள். புகழ் இரண்டாவதுக்குத்தான் அதிகம். அதே வார்ட் பகுதியை 1911 முதல் நகரசபையின் படப்பிடிப்பாளராக இருந்த ஆதர் கோஸும் எடுத்தார், சுகாதாரப் பகுதிக்கு ஆதாரமாக. அவருடைய படங்களில் மனிதர் உண்டு, சேரியின் சாட்சியாக நிற்கும் மனிதர். பின்னாளில் அந்தப் பகுதி பெரும்பாலும் இடிக்கப்பட்டது. ஆகவே ஆளைச் சட்டகத்துக்குள் வைத்துவிட்டால் நீதி கிடைத்துவிடும் என்றும் சொல்லிவிடமுடியாது. எதற்காக வைத்தோம் என்ற கேள்வி மிச்சம் நிற்கிறது.

எங்கள் மரபிலிருந்து இதற்கு ஒரு பதில் எடுக்கலாம். தமிழில் நிலம் தனியே வருவதில்லை. தொல்காப்பியத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். அதோடு மரம், பறவை, உணவு, தொழில், பறை எல்லாம் கருவாகச் சேர்ந்து, உள்ளே ஒரு உறவின் நிலை உரியாக இருந்தால்தான் அது திணை. ஆளில்லாத, தொழிலில்லாத வெறுங்காட்சிக்கு அங்கே இடமில்லை. முன்பனி, பின்பனி என்று இரண்டு பெரும்பொழுதுகள் உண்டுதான், ஆனால் அந்தப் பனி புல்நுனியில் நிற்கிற பனி. இங்கே கொட்டுவதற்கு எங்களிடம் சொல் இல்லாததால் பழைய சொல்லையே விரித்துக்கொண்டோம். 1994இல் எஸ்.பொவும் இந்திரனும் தொகுத்த புலம்பெயர் சிறுகதைத் தொகுப்பின் பெயர் 'பனியும் பனையும்'. அந்தப் பெயர் பொருத்தமானதால்தானோ என்னவோ, பிறகு எங்கள் எழுத்தில் பனி என்றால் துயரம், பனை என்றால் ஊர் என்ற வாய்பாடு படிந்துபோயிற்று. இது மானியின் சராசரியைப்போல இன்னொரு சராசரி. பனியைத் துயரத்தின் பின்திரையாக மட்டும் வைத்தால் பேப்பர் போடுகிற அக்காவின் தடம் அதில் விழாது. அவவுக்குப் பனி துயரம் இல்லை, வண்டில் உருளாத நாள்.

6

ரோலண்ட் பார்த் புகைப்படம் பற்றி எழுதிய கடைசி நூலில் (1980) ஒரு படத்தைச் சுற்றியே எல்லாம் நடக்கும். கண்ணாடிக் கூரையிட்ட ஒரு குளிர்காலத் தோட்டத்தில் ஐந்து வயதுச் சிறுமியாக நிற்கும் அவருடைய தாய். இறந்த தாயை அவர் அந்தப் படத்தில்தான் கண்டுபிடிக்கிறார். ஆனால் படத்தை நூலில் அச்சிடவில்லை. எனக்கு அது மறுதலையாக நடந்தது. ஒரு தாய் குளிர்காலப் படமொன்றில் மகனைத் தேடினாள். கிடைக்கவில்லை.

1994 மாசியில் இரண்டாவது படம் அனுப்பினேன். அதே கட்டடம், அதே வாசல். கமெரா ஒரு பழைய பென்ராக்ஸ், இரண்டாம் கையாக வாங்கியது. உள்ளங்கையால் அளந்தேன். வெயிலைப் பார்த்து நின்றேன். நண்பருக்குப் பொத்தானை அமத்துகிற வேலை மட்டும். கோட் என்னுடையது. கழுவிய கடைக்காரரிடம் இயந்திரக் கணக்கை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்து அச்சடிக்கச் சொன்னேன். இரண்டாவது தடவை சரியாக வந்தது.

அந்தப் படத்தையும் இங்கே அச்சிட முடியாது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுச் சனம் முழுக்க இரவோடு இரவாக வெளிக்கிட்டபோது அம்மாவும் வெளிக்கிட்டா. படங்கள் இருந்த தகரப்பெட்டி வீட்டோடு நின்றுவிட்டது. திரும்பிப் போனபோது பெட்டியும் இல்லை, கூரையும் இல்லை. நெகட்டிவ் என்னுடைய வீடு மாற்றங்களில் எங்கேயோ போய்விட்டது. ஆனால் படத்துக்கு அம்மா எழுதிய பதில் இருக்கிறது. படம் எடுக்கிறவனுக்குக் கிடைக்கக்கூடிய விமர்சனங்களில் ஆகச் சரியானது அதுதான் என்று நினைக்கிறேன். நான் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிட்டது.

"இப்ப ஸ்னோ வெள்ளையாக் கிடக்குது. உன்ர முகமும் வடிவாத் தெரியுது. நல்லா மெலிஞ்சுபோனாய் ராசா. நேரத்துக்குச் சாப்பிடுறேல்லையோ?"